பேகன் முறைக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா? ஐஸ்லாந்தில் வழி திறந்த விவசாயி!

சர்ச் இல்லை, பாதிரியார் இல்லை. தோர், ஓடின் போன்ற பழைய நார்ஸ் கடவுள்களை வேண்டி உறுதிமொழி எடுத்தால் கல்யாணம் முடிஞ்சது. ஐஸ்லாந்தில் இது சட்டப்படி செல்லும் திருமணம். இதற்குக் காரணமானவர் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன்.

யார் இவர்?

1924-ல் பிறந்தவர். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து தள்ளி, ட்ராகஹால்ஸ் என்ற பண்ணையில் ஆடு வளர்த்து வாழ்ந்தவர். நீண்ட வெள்ளைத் தாடி. 'ரீமுர்' எனப்படும் பழைய பாட்டுகளை ராகம் போட்டுப் பாடுவதில் பேர் போனவர். 1953-ல் ஒரு யாப்பிலக்கண நூலே வெளியிட்டிருக்கிறார். புரட்சிக்காரர் மாதிரியெல்லாம் இருக்க மாட்டார்.

கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்தின் பொதுச்சபை கிறிஸ்தவத்தை ஏற்றது. கொஞ்ச காலத்தில் பழைய கடவுள்களைக் கும்பிடுவதே குற்றமானது. ஆனால் நவீன அரசமைப்புச் சட்டம், யாரும் தங்கள் நம்பிக்கைப்படி மதச் சங்கம் அமைக்கலாம் என்கிறது. ஸ்வெயின்பியோர்ன் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

1972-ல் சில நண்பர்களோடு 'ஆசாத்ரூ' சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், அங்கீகாரம் கேட்டு நீதி மற்றும் திருச்சபைத் துறை அமைச்சர் ஓலாவுர் யோஹான்னெசனைப் போய்ப் பார்த்தார். முதலில் விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைத்தார்களாம். இவர்கள் கிளம்பிப் போனதும் இடி மின்னல். நகரின் மையப் பகுதியில் கரண்ட் கட்! இடிக்கடவுள் தோர் மனுவுக்குச் சிபாரிசு செய்துவிட்டார் என்று ஊரே கேலி பேசியது.

எதிர்ப்பு மட்டும் கேலியாக இல்லை. அரசமைப்புச் சட்டம் மனதில் வைத்திருப்பது ஒரே கடவுளை வணங்குபவர்களைத்தான் என்பது பிஷப் சிகுர்பியோர்ன் எய்னார்சனின் வாதம். இவர்களுக்கு வழிபாட்டு இடம்கூட இல்லையே என்றும் கேட்டார். கடவுள் ஒன்றா பலவா என்று பார்த்து அரசு உரிமை கொடுக்கலாமா? உண்மையான சிக்கல் அதுதான்.

1973 மே மாதம் அங்கீகாரம் கிடைத்தது. சங்கத்தின் தலைமைப் பூசாரியான ஸ்வெயின்பியோர்ன் நடத்தி வைக்கும் கல்யாணத்துக்கு, பாதிரியார் நடத்தி வைப்பதற்கு உள்ள அதே சட்ட மதிப்பு வந்தது. பதிவு அலுவலகத்தில் இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், தன் பண்ணையிலேயே பொது வழிபாட்டையும் நடத்தினார்.

கூட்டம் ஒன்றும் குவிந்துவிடவில்லை. 1993 டிசம்பரில் அவர் இறந்தபோது சங்கம் சின்னதாகத்தான் இருந்தது. இப்போது உறுப்பினர்கள் 5,000-க்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே 4 லட்சத்துக்குள்தான்.

பிரிட்டனில் பேகன் ஜோடிகள் கைகளைத் துணியால் சேர்த்துக் கட்டி மணம் முடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அனுமதி பெற்றவர் நடத்தினால் அது செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கையைக் கட்டிக்கொண்டாலும், சட்டத்துக்காகத் தனியாகப் பதிவுத் திருமணமும் பண்ணித்தான் ஆகணும்.