செஞ்சியில் ஒரு சத்ரபதி

செஞ்சி என்றதும் தமிழர் நினைவுக்கு வருபவர் தேசிங்கு ராஜன். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றதோ மராத்தியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாக. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் உள்ளது இது ஒன்றே. அதற்கான காரணத்தை அறிய, சிவாஜியின் இளைய மகன் ராஜாராமின் வாழ்வைப் புரட்ட வேண்டும்.

1670இல் பிறந்த ராஜாராம் அண்ணன் சம்பாஜியைப் போலப் போர்க்களத்தில் வளர்ந்தவரல்லர். 1689இல் சம்பாஜியைப் பிடித்து ஔரங்கசீப் கொன்றபோது இவருக்கு வயது 19. தலைநகரான ராய்கட் முற்றுகையில் சிக்கியது. அங்கிருந்து தப்பியவர் பன்ஹாளா சென்று, லிங்காயத யாத்திரிகர் வேடத்தில் தெற்கே நடந்தார். வழியில் கெளதி அரசி சென்னம்மா, முகலாயரின் சினத்துக்கு ஆளாகக்கூடும் என அறிந்தும் உதவினார். நவம்பரில் ராஜாராம் செஞ்சியை அடைந்தார். 1677இல் பீஜப்பூரிடமிருந்து சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை அது; தந்தையின் முன்யோசனை மகனுக்குப் புகலிடமாயிற்று.

தெற்கே வந்தது வெறும் தப்பியோட்டமன்று. முகலாயப் படையின் ஒரு பெரும்பகுதியைத் தக்காணத்திலிருந்து வெகுதொலைவுக்கு இழுத்துக்கொண்டு வந்த முடிவு அது. 1690இல் சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் இணைத்த மதிலைச் சுற்றி வளைக்க அவரிடம் போதிய படை இல்லை.

ராஜாராமுக்கோ பணமில்லை. கடலூருக்கருகே தேவனாம்பட்டினம் கோட்டையை அவ்வாண்டே ஆங்கிலேயருக்கு விற்றார். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை நிலம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததே. விலை கொடுத்து வாங்கிய ஆங்கிலேயர் சுல்பிகார் கானின் நல்லெண்ணத்தையும் இழக்காமல் பார்த்துக்கொண்டனர். அப்போது ஐரோப்பாவில் பிரான்சுக்கு எதிராக டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஓரணியில் போரிட்டனர். அப்போரின் நீட்சியாகவே 1693இல் புதுச்சேரி டச்சுக்காரர் வசமானது. கரையோரத்தில் யாரும் யாருக்கும் முழு நண்பரில்லை.

தஞ்சை மன்னர் முதலாம் சாஹுஜி உறவில் சிற்றப்பன் மகன். உணவும் ஆளும் அனுப்பியவர், 1694இல் சுல்பிகார் கான் தஞ்சைமீது படையெடுத்ததும் பணிந்தார். குறைகூற இயலாது, வளமான காவிரிச் சமவெளிக்குச் செஞ்சியைப் போல மலை அரண் ஏது?

முகலாயப் பாசறையின் கதை இதனினும் விந்தையானது. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ், அமைச்சர் அசத் கான், அவர் மகன் சுல்பிகார் கான் மூவரும் ஒரே கொடியின் கீழ் நின்றனர். நம்பிக்கை மட்டும் இல்லை. 1692 இறுதியில் சந்தாஜி, தனாஜி ஆகியோரின் குதிரைப்படை வந்து சூழ்ந்தது; பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தியும் பரவியது. ராஜாராமுடன் இரகசியப் பேச்சு நடத்திய இளவரசரைத் தந்தையும் மகனும் சிறைப்படுத்தினர். பெரிய பீரங்கிகளைச் சிதைத்துவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினர். ஓரணியில் இருந்துகொண்டே தத்தம் போரைத் தனித்தனியே நடத்துவது, 1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது பாய்ந்தபோது ஒதுங்கி நின்ற ஜப்பானோடு தொடங்கிய வழக்கமன்று.

சுல்பிகார் கானே வேண்டுமென்று முற்றுகையை நீட்டித்தார் என்ற ஐயம் அக்காலத்தவரிடமே இருந்தது. முதிய பேரரசருக்குப் பின் எழப்போகும் வாரிசுப் போருக்கு மராத்தியர் நட்பு அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். 1698இல் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் அங்கில்லை; வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்தார். கோட்டைக்கு நுஸ்ரத்கட் எனப் பெயர் மாறியது. அதன் பொறுப்பு பின்னர் தேசிங்கின் தந்தை சொரூப் சிங்கிடம் வந்தது.

தப்பிப் பிழைத்ததற்கு ராஜாராம் கொடுத்த விலை சிறிதன்று. தளபதிகளைத் தம் பக்கம் நிறுத்த, சிவாஜி தவிர்த்துவந்த பரம்பரை நில மானியங்களை வாரி வழங்கினார். மராத்திய அரசு பிற்காலத்தில் பல குடும்பங்களின் கூட்டாக உடைந்ததன் வித்து அதில் இருக்கிறது. சந்தாஜி, தனாஜி இருவருக்கும் மூண்ட பகையையும் அவரால் தணிக்க முடியவில்லை. 1697இல் சந்தாஜி கொல்லப்பட்டார்.

1700 மார்ச் 2 அன்று சிங்ககட்டில் ராஜாராம் காலமானார். வயது 30. போரை மனைவி தாராபாய் ஏற்று நடத்தினார். தக்காணத்தை விட்டு அகலாத ஔரங்கசீப், தில்லியை மீண்டும் காணாமலே 1707இல் அகமதுநகரில் இறந்தார்.