வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்தவர்... பிலிப் ஹென்றி காஸ் யார்?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மீன் தொட்டி முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பவரா நீங்கள்? பிளாஸ்டிக் செடி, கலர் கூழாங்கல் எல்லாம் போய், இப்போது நிஜச் செடிகள் வளரும் பிளான்டட் டேங்க்தான் பலருக்கும் ஆசை. கண்ணாடித் தொட்டிக்குள் செடியும் மீனும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் புதுசு இல்லை. அதற்கு 170 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த எண்ணத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அக்வேரியம் என்ற பெயரையே மக்கள் வாயில் புழங்க வைத்தவர் பிலிப் ஹென்றி காஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். உலகம் அவரை அதற்காக மட்டும் நினைவில் வைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால், அப்படி நடக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கணக்கு எழுத வந்த பையன்

காஸ் பிறந்தது 1810 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில். அப்பா ஊர் ஊராகப் போய் மனிதர்களின் சின்னஞ்சிறு உருவப்படங்களை வரைந்து பிழைத்தவர். வீட்டில் பணம் இல்லை. ஆனால், பார்த்ததை அப்படியே வரையும் கை அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. கடலோர ஊரான பூலில் வளர்ந்ததால், கடல் உயிரினங்கள் மேல் சின்ன வயதிலேயே ஆர்வம். அதை ஊட்டியவர் அவருடைய அத்தை.

கல்லூரிக்கெல்லாம் போக வசதி இல்லை. 17 வயதில் கப்பல் ஏறி கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கே கார்போனியர் என்ற ஊரில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. 1832-ல் நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். அதன்பிறகு ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளைத் தேடிப் பிடித்து வரைவதிலேயே போனது. அந்தத் தீவின் பூச்சிகளைப் பற்றி ஒரு முழு நூலையே எழுதி, படமும் வரைந்து முடித்தார். ஆனால், அது அச்சாகவில்லை.

அடுத்து நண்பர்களோடு கனடாவின் காம்ப்டனில் விவசாயம். மூன்று வருடம் போராடியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 1838-ல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியர் வேலை. அங்கே அடிமைகளை நடத்திய விதத்தைப் பார்த்து மனம் நொந்து, எட்டு மாதத்தில் கிளம்பிவிட்டார். 1839-ல் இங்கிலாந்து திரும்பியபோது வயது கிட்டத்தட்ட 29. வேலையும் இல்லை, சேமிப்பும் இல்லை. பெட்டி நிறையக் குறிப்புகளும் படங்களும் மட்டுமே இருந்தன.

அந்தக் குறிப்புகள்தான் அவரைக் காப்பாற்றின. கனடா அனுபவத்தை வைத்து எழுதிய புத்தகம் 1840-ல் வெளியானது. 1844-ல் பறவைகளைச் சேகரிக்க ஜமைக்கா போனார், 18 மாதங்கள் தங்கினார். சாமுவேல் கேம்ப்பெல் என்ற கறுப்பின இளைஞர் அங்கே அவருக்கு உதவியாளர். ஜமைக்காவின் பறவைகள் பற்றி காஸ் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது.

1848-ல் எமிலி போவ்ஸை மணந்தார். எமிலியும் எழுத்தாளர். இருவருமே தீவிர கிறிஸ்தவர்கள். அடுத்த வருடம் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்ததையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் பறவை வந்து சேர்ந்ததையும் காஸ் அடுத்தடுத்து எழுதி வைத்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிகிறது இல்லையா?

முதல் பிளான்டட் டேங்க் யாருடையது?

காஸின் தொட்டிக்குப் போகும் முன் இன்னொருவரைச் சந்தித்தாக வேண்டும். பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் வேதியியலாளர். 1849-ல் அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சுமார் 12 காலன் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, அடியில் மணல், இரண்டு தங்கமீன்கள், கொஞ்சம் வாலிஸ்நேரியா செடி. அவ்வளவுதான்.

பிளஸ் டூ தாவரவியலில் தண்ணீர் மூலம் மகரந்தச் சேர்க்கை நடப்பதற்கு உதாரணமாகப் படித்தோமே, அதே வாலிஸ்நேரியா. இன்றைக்கும் புதிதாகத் தொட்டி வைப்பவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் நீட்டும் செடிகளில் ஒன்று.

கணக்கு எளிமையானது. மீன் சுவாசித்து வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடைச் செடி எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் செடி வெளியிடும் ஆக்ஸிஜன் மீனுக்கு. ஆனால் கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. தொட்டி வைத்த எல்லோருக்கும் தெரிந்த காட்சி! வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. தண்ணீர் தெளிந்தது. இந்த முடிவை 1850-ல் லண்டன் வேதியியல் சங்கத்துக்குத் தெரிவித்தார்.

கடல் வீட்டுக்கு வந்தது

நன்னீரில் நடந்தது கடல் நீரிலும் நடக்குமா? இந்தக் கேள்வியில் வாரிங்டனும் காஸும் தனித்தனியாக இறங்கினார்கள். 1852-ல் ஓயாத எழுத்து வேலையால் காஸின் உடல்நலம் கெட்டது. குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். ஓய்வெடுக்கப் போன மனிதர், கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் இறங்கி கடல் சாமந்திகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். கடற்பாசியோடு சேர்த்து வைத்தால் அவை ஜாடிகளில் உயிரோடு இருந்தன.

1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மக்கள் பார்ப்பதற்காகத் திறக்கப்பட்ட முதல் அக்வேரியம் இதுதான். அதற்கான கடல் உயிரினங்கள் பலவற்றைச் சேகரித்துக் கொடுத்தவர் காஸ். அடுத்த வருடம், 1854-ல், தி அக்வேரியம் என்ற புத்தகம் வந்தது. அதுவரை இந்தத் தொட்டிகளை விவேரியம், அக்வா விவேரியம் என்றெல்லாம் அழைத்து வந்தார்கள். சொல்ல எளிதாக, சட்டென்று நிற்கிற பெயர் வேண்டும் என்று காஸ் நினைத்தார். அக்வேரியம் என்ற சொல்லை முன்வைத்தார். அவரே வரைந்த வண்ணப் படங்களைப் பார்த்து வாசகர்கள் சொக்கிப் போனார்கள்.

கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி சொன்னார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரித்துக் காட்டினார். 1845-லேயே இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்தது. கண்ணாடி விலை குறைந்தது, ரயில் கடற்கரைவரை போனது, கையில் காஸின் புத்தகம் இருந்தது. அப்புறம் என்ன? நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறையில் தொட்டி வைப்பது பெரிய டிரெண்ட் ஆனது. காஸ் கடற்கரையிலேயே வகுப்புகளும் எடுத்தார். 1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரிப் படியே ஏறாத ஒருவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

எல்லாம் உடைந்த வருடம்

அந்த உயரத்தில்தான் அடி விழுந்தது. எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். வலி மிகுந்த சிகிச்சைக்குப் பிறகும் பலன் இல்லாமல் 1857 பிப்ரவரியில் இறந்துபோனார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அதே வருடம் காஸ் வெளியிட்ட புத்தகம் ஓம்ஃபலோஸ். கிரேக்கத்தில் தொப்புள் என்று பொருள். பூமி மிகப் பழமையானது என்று பாறைகளும் புதைபடிவங்களும் சொல்கின்றன. பைபிளோ உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதாகச் சொல்கிறது. காஸ் இரண்டையும் விட விரும்பவில்லை. தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும், முதல் மரத்திலும் வளர்ச்சி வளையங்கள் இருந்திருக்கும், அதுபோல உலகமும் பழமையின் அடையாளங்களோடுதான் படைக்கப்பட்டது என்று வாதிட்டார்.

அறிவியலும் மதமும் சமாதானம் ஆகிவிடும் என்று அவர் நம்பினார். நடந்தது தலைகீழ். அறிவியலாளர்கள் கைவிட்டார்கள். கடவுள் இல்லாத கடந்த காலத்தைப் பாறையில் எழுதி வைத்து மனிதர்களை ஏமாற்றுவாரா என்று பக்தர்களும் முகம் சுளித்தார்கள். புத்தகம் விற்கவில்லை. நண்பர் சார்லஸ் கிங்ஸ்லிகூட ஆதரிக்க முடியாது என்று எழுதிவிட்டார். மனைவியை இழந்த அதே வருடத்தில், வாசகர்களையும் இழந்தார். மகனோடு டெவனுக்கே குடிபெயர்ந்தார்.

காலியான பாறைக் குழிகள்

அங்கே இன்னொரு வேதனை காத்திருந்தது. தொட்டி மோகத்தில் கடற்கரைக்கு வந்த கூட்டம், பாறைக் குழிகளில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அள்ளியதில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சில நாளில் செத்திருக்கும். ஒருகாலத்தில் கடல் சாமந்திகள் பூத்துக் கிடந்த குழிகள் வெறுமையாயின.

மகன் எட்மண்ட் காஸ் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமர்சகர் ஆனார். 1907-ல் அவர் எழுதிய அப்பாவும் மகனும் பற்றிய நினைவு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தன் புத்தகங்களே இந்த அழிவுக்குக் காரணம் என்பது அப்பாவை வாட்டியதாகவும் எழுதினார். அப்பாவின் கண்டிப்பான மத நம்பிக்கைக்கும் மகனுக்கும் நடந்த மோதல்தான் அந்த நூலின் மையம். அதனாலேயே பின்வந்த தலைமுறைகள் காஸை ஒரு பிடிவாதக்கார அப்பாவாக மட்டுமே பார்த்தன.

ஆனால், காஸ் உட்கார்ந்துவிடவில்லை. 1860-ல் எலிசா பிரைட்வென்னை மறுமணம் செய்துகொண்டார். கடல் சாமந்திகள் பற்றிய பெரிய நூலை முடித்தார். ஆர்க்கிட் வளர்த்தார். டார்வினோடு கருத்தில் ஒத்துப்போகாவிட்டாலும் கடிதத் தொடர்பு இருந்தது. 70 வயதைத் தாண்டியும் நுண்ணோக்கியில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரிகளை ஆராய்ந்து, ஹட்சனோடு சேர்ந்து 1886-ல் அது பற்றிய நூலைக் கொண்டுவந்தார். 1888 ஆகஸ்ட் 23-ல் காலமானார்.

நம்ம தொட்டிக்கு இதில் என்ன இருக்கு?

காஸ் காலத்தில் ஒரு முக்கியமான விஷயம் யாருக்கும் தெரியாது. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார்கள். உண்மையில், கண்ணுக்குத் தெரியாத நான்காவது கூட்டாளி ஒன்று உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். இந்தப் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890-ல். காஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து!

அன்றைய தொட்டிகள் பல ஏன் நாறிப்போயின என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று புதுத் தொட்டி வாங்கிய அன்றே பத்து மீனை விட்டு, ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிட்டதே என்று புலம்புகிறோமே, அதற்கும் காரணம் இதுதான். நீங்கள் தொடங்கப் போகிறீர்கள் என்றால் சில அடிப்படைகள்:

முதலில் செடி, கடைசியில் மீன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அடியில் 2 முதல் 3 அங்குலம் மண் அல்லது மணல் போட்டு, வாலிஸ்நேரியா போன்ற எளிய செடிகளை நடுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகு, இரண்டு மூன்று மீன்களாக விடுங்கள்.

வெளிச்சம் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும்.

வாரம் ஒருமுறை கால்வாசி தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் டீகுளோரினேட்டர் அவசியம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள், பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

காஸின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் மிஸ் கேரளா மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். தொட்டி வியாபாரத்துக்காக அளவில்லாமல் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். எதிர்ப்பக்கம், தொட்டியில் போரடித்து வெளியே விடப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீன்கள் நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகிக் கிடக்கின்றன.

அதனால் மீன் வாங்கும்போது பண்ணையில் வளர்த்ததா, ஓடையில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ, வளர்க்கும் நண்பருக்கோ திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். தன் வாசகர்களிடம் இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று டெவன் கடற்கரையில் காஸ் எத்தனை முறை நினைத்திருப்பாரோ!