பச்சை உப்பு, சூரியன், சாஹா: அணு எப்போது அயனி ஆகிறது?

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களிடம் பச்சை உப்பு என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். பேரியம் நைட்ரேட்டுக்கு அங்கே அதுதான் பேர். வாணம் பச்சையாக எரிவது அதனால்தான். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்கு சோடியம்.

இந்த மூன்றும் சூரியனிலும் உண்டு. ஆனால் அங்கே அவை பெரும்பாலும் முழு அணுவாக இருப்பதில்லை. எலெக்ட்ரானை இழந்த அயனியாக இருக்கின்றன. எவ்வளவு சூட்டில் எத்தனை அணு அப்படி ஆகும்? இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் மேகநாத் சாஹா. அப்போது அவருக்கு வயது 26.

முதலில் அயனி. பேரியம் அணுவின் நடுவில் 56 புரோட்டான், சுற்றிலும் 56 எலெக்ட்ரான். பிளஸ்ஸும் மைனஸும் சரிசமம், மொத்த மின்சுமை பூஜ்யம். வெளிக்கூட்டில் இருக்கும் இரண்டு எலெக்ட்ரான்களின் பிடிமானம் மட்டும் கொஞ்சம் தளர்வு. அவை போய்விட்டால் மிச்சம் 54. புரோட்டான் 56 அப்படியே இருக்கும். இரண்டு பிளஸ் கூடுதல்; அதுதான் பேரியம் அயனி. பச்சை உப்பில் உள்ள பேரியம் ஏற்கெனவே இந்த இரண்டையும் பறிகொடுத்த நிலையில்தான் இருக்கிறது. அவற்றை வைத்திருப்பது இரண்டு நைட்ரேட் தொகுதிகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் கொடுக்கல் வாங்கல் இதுதான்.

வில்லங்கமும் இந்த அயனியில்தான். தண்ணீரில் கரைந்து அயனியாகப் பிரியும் பேரியம் உடம்புக்கு விஷம். எக்ஸ்ரேவுக்கு முன் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுக்கும் பேரியம் சல்பேட் கரையாது, அதனால் ஆபத்தில்லை. பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் உத்தரவிட்டது. 2021-ல் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னது.

சரி, சூரியனில் எலெக்ட்ரானை யார் வாங்கிக்கொள்வது? அங்கே வாங்க ஆளே வேண்டாம். சூடே பிடுங்கிவிடும். சாஹா நுழைந்த இடம் இதுதான்.

1893 அக்டோபர் 6-ம் தேதி டாக்கா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்னக் கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஊரில் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிடும். சில மைல் தள்ளி ஒரு டாக்டர் வீட்டில் தங்கிப் படித்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும், மாட்டைப் பார்த்துக்கணும் என்பது ஏற்பாடு. 1905-ல் ஸ்காலர்ஷிப்போடு டாக்கா பள்ளிக்கு வந்தார். வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பு நேரம் அது. கவர்னர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் இவரும் ஒருவர். பள்ளியும் போச்சு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு.

வேறு பள்ளியில் படித்து, 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ். ஆனால் ஹாஸ்டலில் மேல்சாதி மாணவர்கள் இவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கோயில் நுழைவுத் தகராறில் 1899-ல் சிவகாசி பற்றி எரிந்ததைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் அணுவிலிருந்து முதல் எலெக்ட்ரானைக் கழற்ற ஒரு விலை உண்டு. பேரியத்துக்கு 5.2 எலெக்ட்ரான் வோல்ட், சோடியத்துக்கு 5.1, ஹைட்ரஜனுக்கு 13.6, ஹீலியத்துக்கு 24.6. சூடு ஏற ஏற அணுக்கள் வேகமாக மோதும், கழற்றுவது சுலபமாகும். இதுவரைக்கும் யாரும் யோசித்துவிடலாம். ஆனால் கழன்ற எலெக்ட்ரானை அயனி திரும்பப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். அதைத் தீர்மானிப்பது நெரிசல், அதாவது அழுத்தம்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருத்தர் இறங்கினால் அடுத்த நிமிஷமே இன்னொருத்தர் ஏறிவிடுவார். ஊர் தாண்டிக் காட்டு ரோட்டில் இறங்கினால் அந்த சீட் காலியாகவே போகும். அயனி கதையும் அப்படித்தான். சூடு, அழுத்தம், கழற்றும் விலை மூன்றையும் கொடுத்தால் நூற்றுக்கு எத்தனை அணு அயனியாக இருக்கும் என்று சாஹாவின் சமன்பாடு சொல்லும். 1920-ல் லண்டனின் பிலசாபிகல் மேகசினில் அது வெளியானது.

பட்டாசுத் தீயின் சூடு 2,000 முதல் 3,000 டிகிரி வரை, சுற்றிலும் காற்றின் முழு அழுத்தம். அதில் புதிதாக அயனியாவது கொஞ்சம்தான். அங்கே பச்சை தருவது பேரியமும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, அழுத்தமும் குறைவு.

அயனி உமிழும் ஒளி முழு அணுவின் ஒளியிலிருந்து வேறுபட்டது. இதைப் பிடித்துக்கொண்டு சாஹா ஒரு புதிரை அவிழ்த்தார். சூரிய நிறமாலையில் ருபிடியத்தின் அடையாளமே காணோம். அது இல்லாமல் இல்லை, அயனியாகிவிட்டது, சூடு குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடிப் பாருங்கள் என்பது அவர் பதில். அமெரிக்காவில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் தேடினார், கிடைத்தது. 1925-ல் செசிலியா பெய்ன் இதே சமன்பாட்டை வைத்து, நட்சத்திரங்களில் மிக அதிகம் இருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார்.

இத்தனைக்கும் சாஹா கையில் பெரிய டெலஸ்கோப் கிடையாது. அதற்குச் சில வருஷம் முன்னால் ஓர் ஆய்வுக் கட்டுரையை அமெரிக்க இதழுக்கு அனுப்பியபோது அச்சுச் செலவைக் கேட்டார்கள். அவரிடம் பணம் இல்லை.

லண்டனும் பெர்லினும் போய்விட்டு 1921 கடைசியில் கல்கத்தா திரும்பி பேராசிரியரானார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து அதே கல்கத்தாவுக்கு ரயிலேறியதும் ஏறக்குறைய அந்த வருஷங்களில்தான். 1923-ல் சாஹா அலகாபாத் போனார். 1927-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பல முறை பேர் போனது, கிடைக்கவில்லை.

1952-ல் சுயேச்சையாக நின்று எம்.பி. ஆனார். அதே வருஷம் அமைந்த நாட்காட்டி சீர்திருத்தக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் கமிஷன் ஆபீசுக்குப் போகும் வழியில் சரிந்து விழுந்து இறந்தார். குழு வகுத்துத் தந்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தது.