கோட்டை கட்டிய சிற்பி

மைக்கேலாஞ்சலோவைச் சிற்பியென்றும் சித்திரக்காரரென்றும் உலகம் அறியும். தம் நகரத்தின் சுதந்திரத்தைக் காக்க அவர் உளியை வைத்துவிட்டு, மண் சுமக்கும் ஆட்களின் நடுவே நின்றதைப் பலர் அறியார்.

1475-ம் வருஷம் பிறந்த அவர், பாலியத்தில் பிளாரென்ஸ் நகரத்து லொரென்ஸோ டி மெடிசி என்னும் பிரபுவின் மாளிகையில் உண்டு வளர்ந்தவர். அக்குலத்தாரோ குடியரசென்ற பெயரை ஊருக்கு விட்டு, அதிகாரத்தைத் தம் வீட்டில் பூட்டி வைத்திருந்தவர்கள். 1527-ல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் சேனை ரோமாபுரியைச் சூறையாடிய சமயத்தில், பிளாரென்ஸ் ஜனங்கள் மெடிசிகளைத் துரத்திவிட்டனர். அக்குலத்தவரான போப் ஏழாம் கிளெமெண்ட் என்ன செய்தார்? தம்மைச் சிறை வைத்த அதே சக்கரவர்த்தியோடு 1529-ல் சமாதானம் பேசி, அந்தப் படையையே சொந்த ஊரின்மேல் ஏவினார்.

மைக்கேலாஞ்சலோ அந்தப் போப்பின் பணத்தில் மெடிசிகளின் சமாதி மண்டபத்தை அமைத்து வந்தவர். உப்பிட்டவரை நினைப்பதா, ஊரை நினைப்பதா? அவ்வருஷம் ஏப்ரலில் குடியரசு அவரைக் கோட்டை வேலைகளுக்குத் தலைவராக்கியது. அவர் ஏற்றுக்கொண்டார்.

உயர்ந்த கல்மதில்கள் பீரங்கிக்கு முன் நில்லா என்பது 1494-ல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் புகுந்ததுமுதல் தெரிந்த விஷயம். ஆகவே ஸான் மினியாத்தோ குன்றில் அவர் மண்ணும் சுடாத செங்கல்லும் கொண்டு கொத்தளங்கள் எழுப்பினார். குண்டு கல்லைப் பிளக்கும், மண்ணிலோ புதைந்துபோகும். அங்குள்ள ஆலயத்தின் மணிக்கூண்டைச் சத்துரு குறிவைத்துச் சுட்டபோது, அதைச் சுற்றிக் கம்பளி மூட்டைகளைத் தொங்கவிட்டுக் காத்தார்.

அவரிடம் குறையில்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. சேனாபதி மலட்டெஸ்டா பாலியோனி துரோகம் செய்வான் என்று அவர் சந்தேகித்தார், எச்சரித்தும் பலிக்கவில்லை. செப்டம்பரில் திகில் கொண்டு வெனிஸுக்கு ஓடினார். குடியரசு அவரை ராஜத் துரோகியென்று விளம்பரப்படுத்தியது. ஆனால் அக்டோபரில் முற்றுகை தொடங்கிவிட்ட பின், நவம்பரில், அபாயம் முற்றிய ஊருக்குள் அவர் திரும்பி வந்தாரே, அதைச் சொல்லாமல் ஓட்டத்தை மட்டும் சொல்வது நியாயமன்று.

பத்து மாதம் நகரம் பசியோடும் கொள்ளைநோயோடும் போராடியது. 1530 ஆகஸ்டு 3-ல் காவினானாவில் வீரன் பெருச்சி மாண்டான். சந்தேகம் மெய்யாயிற்று: மலட்டெஸ்டா பீரங்கிகளை நகரின்மேலேயே திருப்பினான். 12-ந் தேதி பிளாரென்ஸ் பணிந்தது.

குடியரசுத் தலைவர்கள் சிலர் தலையிழந்தனர். சிற்பி ஒளிந்திருந்தார். சமாதிச் சிலைகள் முடியவேண்டுமென்ற ஆசையால் போப் மன்னித்தார். அவரும் பகைவரின் கல்லறையைத் தொடர்ந்து செதுக்கினார். 1534-ல் ரோமாபுரிக்குச் சென்றவர், டியூக்குகளின் ஆட்சியிலிருந்த பிளாரென்ஸை உயிரோடு மறுபடி மிதிக்கவில்லை. 1564-ல் அங்கே இறந்தபின் அவர் உடலைத்தான் ரகசியமாகப் பிளாரென்ஸுக்குக் கொண்டுவந்து, சாந்தா குரோச்சே ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.