சுவரில் அடித்த பெயின்ட் ஏன் வழியாமல் நிற்கிறது? ஒரே எண் போதாது என்று காட்டிய யூஜீன் பிங்கம்

டூத் பேஸ்ட் டியூபைத் திறந்து தலைகீழாகப் பிடியுங்கள். உள்ளே இருப்பது ஒழுகாது. லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிரஷ் மேல் உட்கார்ந்ததும் மறுபடி அசையாது. அப்போ அது திடமா, திரவமா?

பெயின்ட், களிமண் குழம்பு, ஈரக் கான்கிரீட் எல்லாமே இந்த ரகம்தான். இவற்றை எப்படி அளப்பது என்ற கேள்விக்குத் தெளிவான வழி காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் யூஜீன் குக் பிங்கம். பொருள்கள் எப்படி ஓடுகின்றன, எப்படி உருமாறுகின்றன என்று ஆராயும் 'ரியாலஜி' துறையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

யார் இந்த பிங்கம்?

1878 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கார்ன்வால் என்ற சிற்றூரில் பிறந்தார். மிடில்பரி கல்லூரியில் பட்டம் பெற்று, 1905-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆனார். பிறகு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அங்கே திரவங்கள் எவ்வளவு சுலபமாக ஓடுகின்றன என்பதை அளப்பதிலேயே மூழ்கினார்.

அளவுகள் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாற வேண்டும் என்று வாதாடியவர். பாகுத்தன்மையை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க எந்தத் திரவங்களைப் பயன்படுத்தலாம் என்று ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து ஆய்வு செய்து வெளியிட்டார். சர்க்கரைக் கரைசலும் அதில் ஒன்று. அளக்கும் கருவியே சரியில்லை என்றால், அதில் வரும் எண்ணை வைத்து என்ன செய்வது?

தண்ணீருக்கு ஒரு கோடு, களிமண்ணுக்கு வேறு கோடு

1915-ல் வாஷிங்டனில் இருந்த தேசியத் தர நிர்ணய அலுவலகத்துக்கு வந்தார். அங்கே செய்த சோதனைதான் திருப்புமுனை. கேட்டால் எளிமையாகத்தான் தெரியும்: ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகக் குழம்பை அழுத்தித் தள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று குறித்து, வரைபடம் போட வேண்டும்.

தண்ணீருக்கு இப்படிச் செய்தால் நேர்க்கோடு கிடைக்கும். அது பூஜ்யத்தில் தொடங்கும். துளி அழுத்தம் கொடுத்தாலும் துளி ஓட்டம் இருக்கும். இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு ஓட்டம். அதனால் தண்ணீருக்கு ஒரே எண் போதும்.

களிமண் குழம்பு அப்படி இல்லை. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பூஜ்யத்தைத் தொடவில்லை. அழுத்தம் இருக்கும், ஓட்டம் இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றது. அதாவது, நகரவே ஆரம்பிக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. இதைத்தான் இன்று 'யீல்டு ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகு எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது தனிக் கணக்கு. ஆக, எண் ஒன்றல்ல, இரண்டு!

1916-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார். ஜெலட்டின் கரைசலில் இதே மாதிரியான நடத்தையை ஷ்வெடாஃப் என்ற ஆய்வாளர் முன்பே கவனித்திருந்தார். ஆனால் அதைப் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் பயன்படும் அளவீடாக நிலைநிறுத்தியவர் பிங்கம்.

ஒரே ரீடிங், இரண்டு பெயின்ட்

இரண்டு எண் இருந்தால் என்ன, ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

'அ' பெயின்டுக்கு யீல்டு ஸ்ட்ரெஸ் கிடையாது, பாகுத்தன்மை 1.1 பாஸ்கல்-விநாடி. 'ஆ' பெயின்டுக்கு யீல்டு ஸ்ட்ரெஸ் 10 பாஸ்கல். அதற்கு மேல் பாகுத்தன்மை வெறும் 0.1. ஒரு விநாடிக்கு 10 என்ற வேகத்தில் இரண்டையும் கலக்கிப் பார்த்தால், இரண்டுமே 11 பாஸ்கல் எதிர்ப்பைக் காட்டும். கருவியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

வேகத்தை 100 ஆக்குங்கள். 'அ' 110 பாஸ்கல் காட்டும். 'ஆ' 20 மட்டுமே. பிரஷ்ஷை வேகமாக இழுக்கும்போது 'ஆ' சுலபமாகப் பரவும், 'அ' கையை வலிக்க வைக்கும். சுவரில் நிலைமை தலைகீழ். 0.2 மில்லிமீட்டர் ஈரப் பூச்சின் சொந்த எடை, அதைச் சுமார் 2.5 பாஸ்கல் அளவுக்குக் கீழே இழுக்கும். 'ஆ'வின் வரம்பு 10 என்பதால் அது அப்படியே நிற்கும். 'அ' வழியத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு வேகத்தில் எடுத்த ரீடிங்கை நம்பி வாங்கியவர் ஏமாந்துபோவார். 1919-ல் ஹென்றி கிரீனுடன் சேர்ந்து பிங்கம் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: பெயின்டைச் சாதாரணத் திரவமாக நினைத்து அளக்கக் கூடாது.

துறைக்குப் பெயர் வைத்த கதை

1916-ல் பென்சில்வேனியாவின் லஃபாயட் கல்லூரிக்குப் போனார். 1922-ல் ஓடுதன்மையையும் நெகிழ்தன்மையையும் பற்றிய அவரது புத்தகம் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மலைப்பாதைகள் அவருக்குப் பிடித்தமானவை. அப்பலாச்சியன் நடைபாதையின் பென்சில்வேனியா பகுதி உருவாகவும் உழைத்தார்.

இதற்கிடையே பாலஸ்தீனத்தில் வேலை பார்த்துவந்த கட்டுமானப் பொறியாளர் மார்கஸ் ரெய்னர், இதே சிக்கலைக் கணிதம் வழியாக அணுகிக்கொண்டிருந்தார். அவரை 1928-ல் லஃபாயட்டுக்கு அழைத்தார் பிங்கம். ஒருவர் வேதியியலாளர், இன்னொருவர் பொறியாளர். கையில் இருந்ததோ ஒரே பிரச்சினை. பெயின்ட்காரர், ரப்பர்காரர், எண்ணெய்க்காரர் எல்லோரும் தனித்தனி அறையில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுவது பிங்கமுக்குச் சரியாகப் படவில்லை. இதற்கென்று ஒரு துறை வேண்டும், அதற்கு ஒரு பெயரும் வேண்டும் என்று முடிவெடுத்தார். ஓடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ரியாலஜி' பிறந்தது. 1929 டிசம்பரில் வாஷிங்டனில் ரியாலஜி சங்கம் தன் முதல் கூட்டத்தை நடத்தியது.

பிங்கம் 1945 நவம்பர் 6 அன்று, 66 வயதில் காலமானார். 1948 முதல் அந்தச் சங்கம் அவர் பெயரில் பதக்கம் வழங்கிவருகிறது.

இன்று எங்கே பயன்படுகிறது?

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் குழம்பு ஓர் உதாரணம். பம்ப் ஓடும்போது அது சுலபமாகப் பாய வேண்டும். பம்ப் நின்றால், வெட்டிய பாறைத் துகள்கள் அடியில் படிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் சுழல் கருவியில் 600, 300 என்று இரண்டு வேகங்களில் ரீடிங் எடுக்கிறார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது பாகுத்தன்மை. அதை மறுபடி 300 ரீடிங்கிலிருந்து கழித்தால் யீல்டு பாயின்ட். பிங்கமின் இரண்டு எண்கள்தான்!

ஆய்வகங்களில் கண்ணாடிக் குழாயின் இடத்தை இப்போது பெரும்பாலும் ரியோமீட்டர் பிடித்துவிட்டது. ஒரு தட்டுக்கும் அதன் மேல் சுழலும் கூம்புக்கும் நடுவே மாதிரியை வைத்து, சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவை என்று அது அளக்கும்.

இன்னும் ஓயாத சர்ச்சை

இந்தக் கருவிகள் நுட்பமானதும் ஒரு புதுச் சண்டை கிளம்பியது. 1985-ல் ஹோவர்ட் பார்ன்ஸ், கென் வால்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், யீல்டு ஸ்ட்ரெஸ் என்பதே ஒரு மாயைதானோ என்று கேட்டார்கள். மிகச் சிறிய விசையைக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தால் எல்லாமே மெல்ல நகரும் என்பது அவர்கள் வாதம். நேர்க்கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கிடைத்த புள்ளியை உண்மையான எல்லை என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

பதில், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கவனிக்கும் நேரம்தான் ஒரு பொருள் திடமா திரவமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1964-ல் எழுதியவரும் பிங்கமின் நண்பர் ரெய்னர்தான். சுவரில் பெயின்ட் காய்வதற்குச் சில மணி நேரம் போதும். அதுவரை கண்ணுக்குத் தெரியும்படி வழியவில்லை என்றால், பெயின்ட் அடிப்பவருக்கு அந்த எல்லை உண்மைதான்.