செல்லுக்கு டீசல் கண்டுபிடிச்சவர்!

நாமகிரிப்பேட்டையில மஞ்சள் மூட்டை ஏத்துன லாரி டீசல் இல்லாம நகராது. நம்ம செல்லுக்குள்ளயும் அதே கதைதான் பாஸ். புரதங்களை இழுத்துட்டுப் போற குட்டி மோட்டார்களும், செல் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளுற பம்புகளும் ஓடுறது ஏ.டி.பி-யில்.

1929-ல் ஹார்வர்டில் ஃபிஸ்க்கோடு சேர்ந்து அதைக் கண்டுபிடிச்சவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அதே வருஷம் ஜெர்மனியில் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார்.

பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில், மூணாவது முறை சென்னையில் பாஸ்! சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ் போய், எல்.எம்.எஸ்தான் கையில் வந்தது.

அதற்குள் ஸ்ப்ரூ நோய் அவர் அண்ணனைக் கொன்றிருந்தது. சாப்பாட்டுச் சத்தைக் குடல் உறிஞ்சாத வியாதி அது. 1923-ல் பாஸ்டன் போனவர், செலவுக்காக ஆஸ்பத்திரியில் மலச்சட்டி கழுவினார். ஏ.டி.பி-க்குப் பிறகும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரலை (நமக்கே கடுப்பாகுது!).

1940-ல் லெடர்லே கம்பெனிக்கு மாறினார். அங்கே அவர் குழு, ஸ்ப்ரூவுக்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. 1948-ல் 53 வயதில் இறந்தார். இன்னிக்கும் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலம் இருக்கு.