சிகரம் தொட்டு இறங்கியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மலை என்றதும் திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது எது? சிவன்மலை, சென்னிமலை, பழநிமலை. கையில் காசிருந்தால் ஊட்டி. அங்கெல்லாம் படிக்கட்டு உண்டு, அல்லது பேருந்து உண்டு. பனிமலையை நம்மில் பெரும்பாலோர் திரைப்படத்தில்தான் பார்த்திருப்போம். நமக்குப் பனியன் தெரிந்த அளவுக்குப் பனி தெரியாது! அப்படியிருக்க, எவரெஸ்ட் வீரர் டென்சிங் நார்கேயைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஒன்று உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

டென்சிங் 1914ஆம் ஆண்டு பிறந்தார். பிறந்த நாள் எது என்று அவருக்கே தெரியாது. எழுத்தறியாத ஏழைக் குடும்பத்தில் யார் நாள் குறித்து வைப்பார்கள்? பதின்மூன்று குழந்தைகளில் பதினோராவது பிள்ளை. தந்தை கவரிமாடு மேய்த்தவர். நேபாளத்தின் கும்பு பகுதியில், எவரெஸ்டின் அடிவாரத்தில் வளர்ந்தார் டென்சிங். அங்கு வாழும் ஷெர்பா மக்களுக்கு அந்த மலை தெய்வம். மேலை நாட்டார்க்கோ அது அளந்து பார்த்து, ஏறிப் பார்க்க வேண்டிய உயரம். 29,002 அடி என்று அன்று கணக்கிட்டிருந்தார்கள். 2020ஆம் ஆண்டு அறிவித்த கணக்கின்படி 8,848.86 மீட்டர்.

பதினெட்டு வயதளவில் அவர் வீட்டை விட்டு டார்ஜிலிங் வந்தார். மலையேறும் குழுக்கள் அங்கிருந்துதான் கூலிக்கு ஆள் பிடித்தன. 1933இல் வேலை கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. முடியை வெட்டி நேபாளிகளைப் போல் உடுத்தியிருந்ததால் அவரை ஷெர்பா என்றே நம்பவில்லையாம். 1935இல் எரிக் ஷிப்டன் என்னும் ஆங்கிலேயர் ஆள் எடுக்க வந்தார். மற்றவர்கள் கையில் முன்பு வேலை செய்த இடத்துச் சான்றிதழ் இருந்தது. டென்சிங்கிடம் இருந்தது புன்னகை ஒன்றுதான். அந்தப் புன்னகைக்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டார் ஷிப்டன். சான்றிதழ் இல்லாமல் கம்பெனி வாசலில் நின்றவர்களுக்கு அந்த நிமிடத்தின் அருமை புரியும்.

சுமையே பள்ளி

அதன்பின் 1936, 1938 ஆகிய ஆண்டுகளிலும் எவரெஸ்ட் குழுக்களுக்குச் சுமை தூக்கினார். 1938இல் 27,000 அடிக்கும் மேலே சுமையோடு போனார். பெரும்பாலான கூலிகளுக்கு மலை என்பது அன்றாடப் பிழைப்பு. டென்சிங்குக்கு அது பள்ளிக்கூடமாகவும் இருந்தது. கயிறு கட்டுவது, பனிக்கோடரியால் படி வெட்டுவது, வானத்தைப் பார்த்துப் புயலைச் சொல்வது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே கற்றார். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பல மொழிகளைப் பேசப் பழகினார். கூலியாகத் தொடங்கியவர் கூலிகளின் தலைவராகிய சர்தார் ஆனார். நம் ஊர் வழக்கில் சொன்னால் மேஸ்திரி.

இறங்கத் தெரிந்தவர்

மலையேற்றம் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்த செய்தி ஒன்று. ஏறும்போது இறந்தவர்கள் உண்டு. ஆனால் சிகரத்தை நோக்கிப் போய்த் திரும்பாமலே போனவர்களும், திரும்பும் வழியில் மாண்டவர்களும் மிகப் பலர். 1951இல் டென்சிங் ஒரு பிரெஞ்சுக் குழுவுடன் நந்தாதேவி சென்றார். தியூப்ளா, வின்யே என்ற இரு இளைஞர்கள் முதன்மைச் சிகரத்தை நோக்கிப் போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடுவதற்காக டென்சிங்கும் துய்போ என்பவரும் மிகக் கடினமான முகடு வழியாக நந்தாதேவி கிழக்குச் சிகரம் வரை ஏறினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிதான், அவர்களைக் காணவில்லை.

அடுத்த ஆண்டு, 1952 மே மாதம், சுவிட்சர்லாந்துக் குழுவுடன் எவரெஸ்ட். ரேமண்ட் லாம்பெர் என்ற சுவிஸ் வீரரும் டென்சிங்கும் உற்ற நண்பர்கள் ஆனார்கள். தூங்கும் பையும் இல்லாமல், அடுப்பும் இல்லாமல், மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்து ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் ஏறத்தாழ 28,200 அடி வரை போனார்கள். அதற்கு முன் எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறியதற்குச் சான்று இல்லை. சிகரம் இன்னும் எண்ணூறு அடி. ஆனால் மேலே போனால் கீழே வர முடியாது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பினார்கள். அந்த எண்ணூறு அடியை விட்டுவிட்டு இறங்க எவ்வளவு துணிவு வேண்டும்!

1953, மே 29

எவரெஸ்ட் ஏறுபவர்கள் பெரும்பாலும் மே மாதத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே நமக்குக் கத்திரி வெயில் காயும் நாட்களில் அங்கே வசந்தத்தின் கடைசி. குளிர்காலப் பெருங்காற்று ஓய்ந்து, பருவமழை மேகம் வந்து சேர்வதற்கு முன் சில நாட்கள் வானம் வழிவிடும். அந்தச் சில நாட்களுக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும்.

1953இல் ஜான் ஹண்ட் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழுவில் டென்சிங் சர்தாராக மட்டுமன்றி, ஏறும் வீரராகவும் இடம்பெற்றார். அது அவர் எவரெஸ்டுக்குப் போன ஏழாவது முறை. வழியில் நியூசிலாந்துக்காரரான எட்மண்ட் ஹில்லாரி ஒரு பனிப்பிளவில் விழுந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் கோடரியைப் பனியில் குத்தி, கயிற்றைச் சுற்றி நிறுத்தினார். அன்று முதல் அவர்கள் இருவரும் ஒரு ஜோடி.

மே 26இல் முதல் ஜோடியான போர்டில்லனும் எவன்ஸும் தெற்குச் சிகரம் வரை போய், களைத்துத் திரும்பினார்கள். அடுத்தது இவர்கள் முறை. 28ஆம் நாள் இரவு 27,900 அடி உயரத்தில் கூடாரம். கூடாரத்துக்குள்ளேயே சுழிக்குக் கீழ் 27 டிகிரி. ஹில்லாரியின் காலணி கல்லாக உறைந்துவிட, அடுப்பில் காட்டி இளக்கினார்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ஒன்பதுக்குத் தெற்குச் சிகரம். பதினொன்றரைக்கு உலகின் உச்சி! டென்சிங்கின் கழுத்தில் நண்பர் லாம்பெர் கொடுத்த சிவப்புத் துண்டு. கோடரியில் ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகிய நான்கு கொடிகள். பனியைத் தோண்டி, தெய்வத்துக்குப் படையலாகக் கொஞ்சம் இனிப்பும், மகள் நீமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலும் புதைத்தார். எழுதத் தெரியாத தந்தை உலகின் உச்சியில் மகளின் பென்சிலை வைத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

உச்சியில் இருந்தது பதினைந்து நிமிடம். பாடப்புத்தகம் அங்கேயே கதையை முடித்துவிடுகிறது. உண்மையில் கதையின் பாதி இனிமேல்தான்.

பனிச்சரிவில்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கு. உடலும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். தெற்குக் கணவாயிலிருந்து உச்சி வரை உயரம் 900 மீட்டருக்குச் சற்று மேல். ஏறியவன் சேர்த்து வைத்த நிலை ஆற்றல் ஏறத்தாழ 9 இலட்சம் ஜூல். இறங்கும்போது அத்தனையும் எங்காவது செலவாகியே தீர வேண்டும். ஒவ்வோர் அடியிலும் தொடையும் முழங்காலும் அதைத் தாங்கிக் கரைத்தால் நடை. தாங்க முடியாவிட்டால் வீழ்ச்சி. அதுவும் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் மூன்றில் ஒரு பங்கே உள்ள இடத்தில்!

கணவாய்க்கு மேலே இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாகச் சரியும் ஒரு பனி வழி இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இத்தகைய இடுக்கைக் குலுவார் என்பர். நம் ஊர்க் குன்றுகளில் மழைநீர் அறுத்தோடிய பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் இறுகிய பனி. மூன்று நாள் முன்பு போர்டில்லனும் எவன்ஸும் களைப்பில் சறுக்கி விழுந்து பிழைத்தது இங்கேதான்.

இருவரும் தெற்குச் சிகரத்துக்குக் கீழுள்ள ஆபத்தான சரிவை அடிமேல் அடி வைத்துக் கடந்தார்கள். முன் ஜோடி விட்டுப்போயிருந்த பிராணவாயு உருளைகளை எடுத்துக்கொண்டார்கள். பிற்பகல் இரண்டு மணியளவில் கூடாரத்தை அடைந்தபோது டென்சிங் அடுப்பு மூட்டிச் சர்க்கரை நிறையப் போட்டு எலுமிச்சைச் சாறு காய்ச்சினார். பிறகு குலுவார். முந்தைய நாள் பதித்த படிகள் ஒன்றுகூட இல்லை. காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ஹில்லாரி இருநூறு அடிக்குப் புதிதாகப் படி வெட்டினார். அடுத்து டென்சிங் முன்னே வந்து, காலால் உதைத்து உதைத்து இன்னும் நூறு அடிக்குப் படி அமைத்தார். சரிவு தணிந்தது. கீழே சூடான சூப்புடன் ஜார்ஜ் லோ காத்திருந்தார்.

பிற்காலத்தில் அந்தப் பனியிலேயே சறுக்குக் கட்டைகளோடு இறங்கியவர்களும் உண்டு. ஜப்பானியரான மியூரா 1970 மே மாதம் தெற்குக் கணவாயிலிருந்து முதுகில் பாராசூட் கட்டிச் சறுக்கினார். வழியில் விழுந்து, மயிரிழையில் பிழைத்தார். 2000இல் ஸ்லோவேனிய நாட்டுக் கர்னிச்சார் உச்சியிலிருந்து அடிவார முகாம் வரை சறுக்கியே வந்தார். 2001 மே மாதம் பிரெஞ்சு இளைஞர் சிஃப்ரெடி வடபுறத்து நார்ட்டன் குலுவாரில் பலகை மேல் நின்று இறங்கினார். மறு ஆண்டு ஹார்ன்பைன் குலுவாரில் இறங்கப் போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 23. நம்மைவிட மூன்று நான்கு வயதே மூத்தவர். இறக்கம் எளிது என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

யார் முதலில்?

கீழே வந்ததும் உலகம் கேட்ட கேள்வி, உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்பதே. காத்மாண்டில் டென்சிங் ஹில்லாரியை இழுத்துச் செல்வதுபோல் படம் வரைந்து வைத்தார்கள். வேறு சிலர் அவரை வெறும் கூலியாகவே எண்ணினார்கள். 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையைச் சொன்னார்: முதலில் ஏறியவர் ஹில்லாரி, அடுத்துத் தாம். இருவரும் ஒரே கயிற்றில் இருந்ததால், முன்பின் என்பதே அவருக்குப் பொருட்டாகப் படவில்லை. தமக்குச் சாதகமான பொய்யை நாடே நம்பத் தயாராக இருந்தபோது உண்மையைச் சொன்னது எவரெஸ்டைவிட உயரம் என்பேன்.

கீழே வந்த பின்

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் களப்பயிற்சி இயக்குநரானார் டென்சிங். அதற்காகச் சுவிட்சர்லாந்து சென்று கற்பிக்கும் முறையைக் கற்றார். 1976 வரை, 22 ஆண்டுகள், எத்தனையோ இளைஞர்களுக்கு ஏறவும் இறங்கவும் சொல்லிக் கொடுத்தார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவருடைய உறவினர் நவாங் கொம்பு 1963இலும் 1965இலும் எவரெஸ்ட் ஏறி, இருமுறை ஏறிய முதல் மனிதர் ஆனார். ஹில்லாரியும் சும்மா இருக்கவில்லை. ஷெர்பா கிராமங்களில் பள்ளிகள் கட்டினார். டென்சிங் 1986 மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் காலமானார்.

என் காரணம்

இப்போது என் காரணம். முதலாண்டில் முதல் வகுப்பன்று ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப் பற்றிச் சொன்னோம். என் முறை வந்தபோது, அப்பா துணி வியாபாரம் செய்கிறார் என்றேன். அது பொய். என் அப்பா துணி ரோல் சுமப்பவர். நிட்டிங் கம்பெனியிலிருந்து வண்டியில் ஏற்றி, சாயப்பட்டறையில் இறக்கி, மாடியில் இருக்கும் கட்டிங் பகுதிக்குத் தோளில் தூக்கிப் போவார். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் போகிறது என்று இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வார். மேலே சொன்ன கணக்கைப் போட்டபோதுதான் அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. என் கல்லூரிக் கட்டணமும், இந்தக் கட்டுரை எழுதிய பேனாவும் அந்த முழங்காலிலிருந்து வந்தவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறுகிறேன் என்ற பெருமையில், எங்கிருந்து ஏறினேன் என்பதை மறைத்தேன். சுமை தூக்கியதை டென்சிங் ஒருநாளும் மறைக்கவில்லை. அன்று பொய்யைக் கேட்ட நண்பர்களும் ஆசிரியர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள். அதனால்தான் இங்கே எழுதித் திருத்துகிறேன்.

எங்கள் லைன் வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். மூவருக்குமே கணக்கென்றால் பயம். சென்ற மாதத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு அவர்களோடு உட்காருகிறேன். வேலை முடிந்து வரும் அப்பா, திண்ணை ஓரத்தில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாங்கள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.